பேச்சுக்கு முந்திய பேச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம், உள்ள சிறு குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியபோது, கேள்விகள் இருந்தால் அனுப்பலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பல, ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. ஆகவே சிலவற்றை ஒன்றாகச் சேர்த்தும் சுருக்கியும், எழுதியவர் இன்னார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியும் இங்கே தந்திருக்கிறேன்.

*

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். இதுவரை ‘அம்மா’ என்று ஒருமுறைகூட அழைத்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் ஓசை கேட்டால் ஓடி வருகிறான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிர்பதனப் பெட்டியின் முன் நிறுத்துகிறான். “இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், பொறுத்திரு” என்கிறார் என் மாமியார். பொறுத்திருக்கலாமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பொறுத்திருக்க வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாமதமாகப் பேசத் தொடங்கி, பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அத்தகைய பிள்ளை வாயைத் திறக்காவிட்டாலும் மற்ற வழிகளில் ஓயாமல் பேசிக்கொண்டேதான் இருக்கும். வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டும், காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், உடைந்த பொம்மையைக் கொண்டுவந்து மடியில் போடும், வேண்டாததற்குத் தலையாட்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, மகனுக்குச் சொல் வரவில்லை என்பதைவிட, சொல்லுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய இவை எதுவுமே அதில் இல்லை என்பதுதான் என் கண்ணில் பட்டது. ஒரு பொருளை இன்னொருவரோடு சேர்ந்து கவனிக்கும் இந்தப் பழக்கத்தைக் கூட்டுக் கவனம் என்போம். பெரும்பாலான குழந்தைகளிடம் இது ஒரு வயதை ஒட்டி அரும்பிவிடும். பேச்சு முளைப்பது அந்த நிலத்தில்தான்.

ஆனால் கையைப் பிடித்து இழுப்பதை வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அதுவும் பேச்சுதான். உங்கள் கைக்குக் கதவைத் திறக்கத் தெரியும் என்பதை உங்கள் மகன் கண்டுபிடித்துவிட்டான். உங்கள் கண்ணுக்கும் ஒன்றைக் காட்டலாம் என்பதுதான் அவனுக்கு இன்னும் தட்டுப்படவில்லை.

முதலில் செவிப்புலன் சோதனையைச் செய்துவிடுங்கள். பிஸ்கட் பொட்டலத்தின் ஓசை கேட்கிறதே என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்குச் சில ஒலிகள் கேட்கும், சில மங்கிப்போகும். அடுத்து, குழந்தையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ செல்லுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிரிவுக்கோ பரிந்துரை கிடைக்கும். போகும்போது மகன் வீட்டில் விளையாடுவதையும், உங்கள் கையைப் பிடித்து இழுப்பதையும், கூப்பிடும்போது திரும்பாமல் இருப்பதையும் கைப்பேசியில் ஓரிரு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் அறையில் பிள்ளை தூங்கிவிடலாம், அல்லது அன்றைக்கென்று பார்த்துச் சமர்த்தாக நடந்துகொள்ளலாம்.

மதியிறுக்கம் என்ற பெயரை மருத்துவர் எழுதித் தரும்வரை எதையும் தொடங்கக்கூடாது என்பதில்லை. இங்கே பெற்றோர் ‘ஈப்பிக்’ என்று சுருக்கமாகச் சொல்லும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம், வளர்ச்சியில் தாமதம் காணும் ஆபத்துள்ள ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. ரெயின்போ சென்டர், ஆவா போன்ற சமூக சேவை அமைப்புகள் அதை நடத்துகின்றன, கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று 2019 ஜூலையில் தொடங்கிய பிரிவில் பெற்றோரோ பராமரிப்பாளரோ குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான் என்றாலும் அதன் உட்கருத்து உங்களுக்கும் பொருந்தும்; அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் நீங்கள் பத்து முறை சொல்லியும் அவர் ஏற்காததை மருத்துவர் ஒருமுறை சொன்னால் ஏற்கக்கூடும். ‘வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்’ என்ற தயக்கம் அவருக்கு இருந்தால், அதுவும் அங்கேயே வெளிவந்து கரைய வாய்ப்பிருக்கிறது.

*

மூன்று வயது மகளுக்கு மதியிறுக்கம் என்று உறுதியாகிவிட்டது. நாங்கள் போகும் தனியார் சிகிச்சையாளர், மகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவதைவிட, நானும் என் மனைவியும் அவளோடு விளையாடுவதைப் படம்பிடித்து எங்களுக்கே போட்டுக் காட்டுவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறார். பணம் கொடுப்பது பிள்ளைக்கா, எங்களுக்கா? வளர்ப்பில் எங்கள் தவறு என்று மறைமுகமாகச் சொல்கிறாரோ என்று மனைவி வருந்துகிறார்.
– ஒரு தந்தை, பொங்கோல்

உங்கள் மனைவியின் வருத்தத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லியோ கானர் என்ற மருத்துவர் 1943ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் மதியிறுக்கம் தனியொரு நிலையாக அறியப்பட்டது. அதற்குப் பிந்திய இருபது, முப்பது ஆண்டுகள், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்று மருத்துவ உலகமே நம்பியது. எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிகளாக்கிய அந்தக் கருத்து, பின்னர் அடியோடு கைவிடப்பட்டது. மதியிறுக்கத்தில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்று தெளிவு. உங்களுக்குப் பயிற்சி தருவதன் பொருள், நீங்கள் தவறாக வளர்த்தீர்கள் என்பதன்று. மற்ற குழந்தைகளிடம் உரக்கக் கேட்கும் அழைப்புகள் உங்கள் மகளிடம் மிக மெல்லியதாகவும் குறுகியதாகவும் வருகின்றன. அவற்றைப் பிடிக்கக் கூர்மையான காது வேண்டும், அது எந்தப் பெற்றோருக்கும் இயல்பாக வாய்ப்பதில்லை.

படம்பிடிப்பது எதற்கென்று ஒரு காட்சியாகவே சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு தந்தை, மகனோடு தரையில் உட்கார்ந்து கார் பொம்மைகளை வைத்து விளையாடினார். பையன் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். தந்தையோ, “இது என்ன கலர்? எத்தனை கார் இருக்கு? ரெட் எங்கே? அப்பாவைப் பார், சொல், ரெட்!” என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு நிமிடத்தில் பதினொரு கேள்விகள் என்று பிறகு நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பையன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. படத்தைத் திருப்பிப் போட்டு நாற்பதாவது விநாடியில் நிறுத்தினேன். சக்கரம் கழன்ற ஒரு காரைப் பையன் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி, தந்தையின் முழங்கால் பக்கம் சாய்த்து, கண்ணை ஒரு கணம் மேலே உயர்த்தியிருந்தான். அந்தக் கணத்தில் தந்தை அடுத்த கேள்விக்காக நீலக் காரைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அந்த இடத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தார். “எங்கிட்டத்தான் காட்டியிருக்கான், டீச்சர்” என்றார்.

நான் அவருக்கு எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மகன் அடுக்கினால் தானும் ஒன்றை அடுக்கினார். சக்கரம் கழன்ற கார் கைக்கு வந்தபோது, “போச்சு” என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

இந்த முறைக்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் மான்செஸ்டர், லண்டன், நியூகாசல் ஆகிய மூன்று இடங்களில், ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ‘பேக்ட்’ என்ற ஆய்வு 2010ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான சேவை மட்டும் கிடைத்தது. மற்றப் பாதிப்பேரின் பெற்றோர் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதத்துக்கு ஒருமுறையும் சிகிச்சையாளரோடு அமர்ந்து தங்கள் படங்களைப் பார்த்தார்கள், வீட்டில் நாள்தோறும் ஏறத்தாழ அரை மணி நேரம் அதையே பழகினார்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுக்கும் விதம் பெரிதும் மாறியது, பிள்ளைகளும் தாமாகத் தொடர்பைத் தொடங்குவது கூடியது. ஆனால் மதியிறுக்க அறிகுறிகளை அளக்கும் சோதனையில் அப்போது பெரிய வேறுபாடு தென்படவில்லை. சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 121 பேரை மீண்டும் பார்த்தபோது, இந்தப் பயிற்சி பெற்ற குழுவில் அறிகுறிகளின் கடுமை குறைந்திருப்பது தெரிந்தது. அது 2016ல் வெளியானது. அதே ஆண்டில், கோவாவிலும் ராவல்பிண்டியிலும், சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களே இம்முறையைக் குடும்பங்களுக்குக் கற்றுத்தர முடியும் என்று இன்னோர் ஆய்வு காட்டியது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இதே முறையைப் பள்ளியையும் சேர்த்து விரிவாக நடத்தி 2022ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் பிள்ளைகளோடு பழகும் விதம் மேம்பட்டதே தவிர, அறிகுறிகளில் எதிர்பார்த்த மாற்றம் கிடைக்கவில்லை. மதியிறுக்கத்தைப் போக்கிவிடும் மருந்து என்று இதை யாராவது உங்களிடம் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். மகளோடு நீங்கள் பழகும் பழக்கம் வளரும் என்பதுதான் இதில் நம்பி எதிர்பார்க்கக்கூடியது; என் கணக்கில் அது சிறிய பலன் அன்று. சிகிச்சையாளரின் அறையில் மகள் இருப்பது வாரத்துக்குச் சில மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் உங்களோடுதான். ஆகவே உங்கள் பணம் மகளுக்குத்தான் போகிறது.

வீட்டில் இன்றிரவே தொடங்க வேண்டுமானால், மகளுக்கு எதிரே, அவள் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பொம்மையை அவள் கையில் திணிக்காதீர்கள். கேள்வி கேட்பதைக் குறைத்து, நடப்பதை ஓரிரு சொல்லில் சொல்லுங்கள். சொன்னபின் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். நம் வீடுகளில் மிகக் கடினமான பயிற்சி இந்தப் பத்து எண்ணுவதுதான். மூன்றுக்குள் யாராவது ஒருவர், “சொல்லும்மா, சொல்லு” என்று குறுக்கே புகுந்துவிடுவார்.

*

பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். “இரண்டு மொழி குழப்பிவிடும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று அவன் போகும் இடத்தில் சொன்னார்களாம். அன்றிலிருந்து மருமகள், “அத்தை, அவன்கிட்ட தமிழ்ல பேசாதீங்க” என்கிறாள். நான் பேசாமலேயே சோறு ஊட்டுகிறேன்.
– ஒரு பாட்டி, அங் மோ கியோ

அம்மா, உங்கள் கடைசி வரியைப் படித்தபின் சற்று நேரம் என்னால் அடுத்த கடிதத்தை எடுக்க முடியவில்லை.

நீங்கள் பேசுங்கள். தமிழிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் மதியிறுக்கக் குழந்தைகளையும் ஒரே மொழி கேட்டு வளரும் மதியிறுக்கக் குழந்தைகளையும் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது மொழி பேச்சை மேலும் தாமதமாக்குகிறது என்று அவற்றில் தெரியவரவில்லை. அந்த அறிவுரையைச் சொன்னவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஒருகாலத்தில் இது பரவலாகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் நம் வீடுகளில் அதன் விளைவு எப்படி முடிகிறது என்பதை நான் பார்க்கிறேன்: தமிழ் நிற்கிறது, அதன் இடத்தில் ஆங்கிலம் வருவதில்லை, மௌனம் வருகிறது. பேரனோடு அதிக நேரம் இருப்பவரின் வாயைக் கட்டிவிட்டு அவன் பேச்சை வளர்ப்பது எப்படி? தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தில் தாலாட்டும் வராது, கொஞ்சலும் வராது, ‘ஐயோ விழுந்துட்டியா’ என்ற பதைப்பும் வராது. குழந்தை முகத்தைப் பார்ப்பது அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கே போதும். ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’ பாடி ஆட்டிவிட்டு, நடுவில் சட்டென்று நிறுத்துங்கள். பேரன் உடம்பை முன்னே சாய்ப்பானா, உங்கள் கையைத் தொடுவானா, கண்ணைப் பார்ப்பானா என்று காத்திருந்து, ஏதாவது ஒன்று செய்தவுடனே ‘சாய்ந்தாடு’ என்று தொடருங்கள். சோறு ஊட்டும்போது ஒரு கவளம் கொடுத்துவிட்டு, அடுத்த கவளத்தை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, “ஆ…” என்று நிறுத்துங்கள். சிகிச்சை அறைகளில் இதே உத்திகளுக்குப் பெரிய பெயர்கள் உண்டு. மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆங்கிலத்தை அவர் தம் பங்குக்குப் பேசட்டும்.

*

நான்கு வயது மகனுக்குப் படங்களைக் கொடுத்துக் கேட்கப் பழக்குகிறார்கள். பிறகு கைக்கணினியில் பொத்தானைத் தொட்டால் பேசும் செயலி தருவார்களாம். கையிலேயே பேசிவிட்டால் வாயால் பேச எதற்கு முயல்வான்?
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

இந்த அச்சம் இயல்பானது. ஆனால் அனுபவமும் ஆய்வும் வேறு விதமாகச் சொல்கின்றன. 2006ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் நம்பகமான முறையில் கவனிக்கப்பட்ட 27 பேரை எடுத்துப் பார்த்தது. படமோ சைகையோ கருவியோ பழகியபின் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, 89 விழுக்காட்டினருக்குச் சிறிதளவேனும் கூடியது. படத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறும் முறையை அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985ல் உருவாக்கினார்கள். அதன் முதல் பாடம் படத்தின் பெயரைச் சொல்வதன்று, படத்தை இன்னொரு மனிதரின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது. கத்தி அழுதால்தான் கிடைக்கும் என்று இதுவரை நம்பிய பிள்ளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கருவியை ‘பிஸ்கட்’, ‘ஜூஸ்’, ‘தண்ணீர்’ என்று கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்குது’, ‘பாட்டி’ என்ற பொத்தான்களும் அதில் இருக்கச் சொல்லிக் கேளுங்கள். மகனின் கையைப் பிடித்து நீங்களே எழுத்துகளைத் தொட வைத்து, அவனே எழுதினான் என்று சொல்லும் முறை எதையாவது யாராவது பரிந்துரைத்தால் மட்டும் விலகிவிடுங்கள். அதில் பேசுவது பிடித்திருக்கும் கை என்பது பலமுறை சோதித்து உறுதியானது.

*

கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறாள். இல்லாவிட்டால் மின்தூக்கியில் கேட்ட ‘டோர்ஸ் குளோசிங்’ என்பதை நாள் முழுவதும் சொல்கிறாள். இதை நிறுத்துவது எப்படி?
– ஒரு தாய், தெம்பனிஸ்

நிறுத்தாதீர்கள், எப்போது சொல்கிறாள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியும் இதே இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா குறித்துவைத்த தாளைப் பார்த்தபோது, விருந்தினர் வீட்டில் இரைச்சல் கூடியபோதும், முடிதிருத்தும் கடையிலும், தேக்கா சந்தையின் நெரிசலிலும்தான் அவள் அதைச் சொல்லியிருந்தாள். ‘இங்கிருந்து போகலாம்’ என்பதற்கு அவள் அகராதியில் இருந்த ஒரே சொல் அது. எதிரொலிப்பது பொருளற்ற உளறல் அன்று, பலவேளைகளில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று பேரி பிரிசான்ட், ஜூடித் டூச்சன் என்ற ஆய்வாளர்கள் 1981லேயே காட்டினார்கள்.

உங்கள் மகளின் வேளை எது என்று புரிந்ததும், அவள் பக்கத்திலிருந்து சொல்லவேண்டிய சொல்லை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்: “வீட்டுக்குப் போகலாம்.” சொன்னதோடு நில்லாமல் அந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் வெளியே அழைத்துப் போங்கள். கேள்வியாகக் கேட்காமல், அவள் அப்படியே திருப்பிச் சொன்னாலும் பொருள் சரியாக இருக்கும்படி பேசுவதே இதில் உள்ள தந்திரம். ‘பால் வேணுமா?’ என்றால் அவளும் ‘பால் வேணுமா’ என்றுதான் சொல்வாள். ‘பால் வேணும்’ என்று கோப்பையைக் காட்டுங்கள்.

*

தடுப்பூசியால் வந்ததா?
– மூன்று கடிதங்கள்

இல்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை மதியிறுக்கத்தோடு தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010ல் விலக்கிக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019ல் வெளியான ஆய்விலும் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. அந்த ஊசி இங்கே ஒரு வயதை ஒட்டிப் போடப்படுகிறது. மதியிறுக்கத்தின் அறிகுறிகள் பெற்றோரின் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதும் அந்தப் பருவத்தில்தான். தட்டம்மைத் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம் என்பதையும் மறக்கவேண்டாம்.

*

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பணிப்பெண் மிகவும் அன்பானவர். மகன் வாய் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். அவர் தமிழரும் அல்லர். சிகிச்சைக்கு அவரை அழைத்துப் போவதில் பயன் உண்டா?
– ஒரு தாய், செங்காங்

நிச்சயம் உண்டு, வாரநாள்களில் மகனோடு அதிகம் இருப்பவர் அவர்தானே. மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், காத்திருப்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: பிள்ளை அழுதால் முதலாளி கோபிப்பாரோ என்ற அச்சம் அவருக்கு இருக்கக்கூடும், கேட்கும் முன்பே கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே, மகன் சற்று முணுமுணுத்தாலும் பரவாயில்லை, நாங்கள் குறை சொல்லமாட்டோம் என்று முதலில் நீங்கள் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

பிறகு வீட்டைச் சிறிது மாற்றுங்கள். மகனுக்குப் பிடித்த முறுக்கை, மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது வெளியே தெரியும் புட்டியில் போட்டு, அவன் எடுக்கக்கூடிய உயரத்தில் வையுங்கள். புட்டி கையில் இருக்கும், திறக்க வராது; யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்ததும் பணிப்பெண் உடனே திறக்காமல் மூடிமேல் கையை வைத்து, மகன் முகத்தைப் பார்த்து ஐந்து எண்ணட்டும். அவன் நிமிர்ந்து பார்த்தால், ஓர் ஒலி எழுப்பினால், புட்டியைத் தட்டினால், அதுவே போதும், ‘திற’ என்று சொல்லித் திறந்துவிடட்டும். அழும் அளவுக்கு இழுக்கக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு முறுக்குதான் கொடுக்கவேண்டும். அப்போதுதான் புட்டி பத்து முறை கைமாறும்.